எடுத்த பட்டன்

மாஸ்டரின் தையல் கடையில் ஒரு சட்டம் இருந்தது. டப்பாவிலிருந்து எடுத்த பட்டனை மறுபடி டப்பாவில் போடக் கூடாது. ஒரு கோட்டுக்கென்று எடுத்தால் எடுத்ததுதான். அளவு சரியில்லை, நிறம் ஒட்டவில்லை என்றாலும் அது பக்கத்திலிருக்கும் தகரக் கிண்ணத்துக்குத்தான் போகும். திருப்பிப் போட்டால் செட் கலைந்துவிடும், பிறகு ஒரே கோட்டில் மேல் பட்டன் ஒரு சாயலும் கீழ்ப் பட்டன் ஒரு சாயலுமாக நிற்கும், பார்க்கிறவன் கடையின் பேரைச் சொல்லிச் சிரிப்பான் என்பது மாஸ்டரின் அப்பா காலத்துக் கண்டிப்பு. அந்தக் கடையில் மிஷின் மிதித்த யாரும் அதை மீறியதில்லை. பேசிக்கொண்டே இருந்தாலும் கை தானாகக் கிண்ணத்துப் பக்கம் போகும்.

அப்படிப்பட்ட கைகளோடு அந்தக் குடும்பம் ஒரு மத்தியானம் ஒரு விளையாட்டுக்கு உட்கார்ந்தது. விளையாடியது சின்ன மகனின் கண்ணுக்காக.

கடைக்குப் பின்னால் வீடு. மாஸ்டரின் மனைவிக்கு இரண்டு பிள்ளைகளையும் பெற்ற பிறகு, நாற்பதை எட்டுவதற்குள் பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய். வலி கிடையாது, சிவப்பு கிடையாது. ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து கடைசியாகத்தான் நடுவில் கை வைக்கும். அவளுடைய அம்மாவுக்கும் அதுவே வந்திருந்தது. ஆனால் அவளோடு பிறந்த தங்கைக்கு வரவில்லை. அவள் அம்மாவோடு பிறந்தவருக்கும் வரவில்லை. ஆகவே அவர்கள் பக்கத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: வீட்டுக்கு ஒருத்தர்.

மாஸ்டர் அந்தப் பேச்சையும் கல்யாணத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய மகனுக்கு முப்பது தாண்டியதும் கண் மங்கியபோது வீடு ஒரு வருஷம் எழுந்திருக்கவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கினார்கள். மாஸ்டர் போய் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை அவருக்குத் தேவைப்படாது. பிறகு ஒரு நாள் பெரியவனே சொன்னான்.

"நான் வாங்கிக்கிட்டேன். தம்பி தப்பிச்சான். அப்புறம் எதுக்கு எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

அந்த ஒரு வாக்கியத்தை ஊன்றிக்கொண்டுதான் வீடு எழுந்து நின்றது.

அதிலிருந்து ஒரு வழக்கமும் வந்தது. தினமும் கடை திறந்தவுடன் சின்னவன் ஆணியிலிருந்து அளவு டேப்பை எடுத்து அண்ணன் கழுத்தில் போடுவான். அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, "சரி, ஆரம்பி" என்பான். அதற்குப் பிறகுதான் கத்தரி துணியைத் தொடும். பெரியவன் முன் நாற்காலியில் உட்கார்ந்து விரலால் பார்த்தே பட்டன் தைப்பான். வருகிறவர்கள் முதலில் அவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். 'குருடு' என்ற சொல் அந்த வீட்டில் எந்தக் காரணத்துக்காகவும் வாயில் வராது. வீட்டுச் சேதி வாசலைத் தாண்டாது.

சின்னவனுக்குப் பெண் கேட்டுப் போனபோதும் மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் நேராகச் சொன்னார். "எங்க வீட்டுல ஒரு நோய் உண்டு. அது மூத்தவனோட முடிஞ்சுது. இவனுக்கு வராது. இது என் வார்த்தை." அந்த மனிதர் வார்த்தையை நம்பிப் பெண்ணைக் கொடுத்தார். வந்த மருமகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு பெண் குழந்தையும் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற வயசாகிவிட்டது.

சின்னவனின் கையைப் போலக் கத்தரி பிடிக்கும் கை அந்தத் தெருவில் கிடையாது. ஊசியில் நூல் கோப்பதென்றால் முதல் தடவையிலேயே போகும். ஆனால் போன வருஷம் ஒரு நாள், வக்கீல் ஒருவரின் கோட்டுக்கு முன்பாகம் வெட்டும்போது இடது ஓரத்தில் சாக்பீஸால் போட்ட கோட்டைத் தாண்டிக் கத்தரி போய்விட்டது. மாஸ்டர் பார்த்தார். சின்னவன் சாப்பிடப் போன நேரத்தில் வேறு துணியில் தானே வெட்டி வைத்தார். கெட்ட துண்டைச் சுருட்டி மேல் தட்டில், பழைய லைனிங் துணிகளுக்குப் பின்னால் செருகினார். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் இன்னொரு துண்டும் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. மாஸ்டர் அந்தத் தட்டை யாரையும் சுத்தம் செய்ய விடவில்லை.

இந்த மாதம் சின்னவன் இடது பக்கம் இருந்த சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் கையை வைத்துவிட்டான்.

மருமகள் கட்டுப் போட்டபடியே சொன்னாள். "மாமா, பெட்டி அங்க இருந்தது அவருக்குத் தெரியல."

"வேலை மும்முரத்துல யாருக்கும் நடக்கிறதுதான்."

"போன மாசம் கதவு நிலை. அதுக்கு முன்னாடி சைக்கிள்காரன்."

"சைக்கிள்காரன் கண்ணு எங்க மேயப் போச்சாம்?"

"எல்லாமே இடது பக்கம் மாமா."

மாஸ்டர் மகன் பக்கம் திரும்பினார். "டேய், ஊசி கோ."

கட்டுப் போட்ட கையாலேயே ஊசியைப் பிடித்து, நூலை நாக்கில் தொட்டு, ஒரே முயற்சியில் கோத்துக் காட்டினான் சின்னவன்.

"பார்த்துக்கம்மா. இவன் கண்ணைப் பத்தி இனிமே யாரும் பேசக் கூடாது."

முன் நாற்காலியில் பெரியவனின் கை, தைத்துக்கொண்டிருந்த பட்டனில் அப்படியே நின்றது. அவன் ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டான்.

விடுமுறை நாளன்று, குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தபோது, மருமகள் கட்டிங் மேஜையைத் துடைத்துவிட்டு அதன் மேல் ஒரு சின்னத் துணிப்பையை வைத்தாள். கறுப்பு பட்டன் ஒன்று, வெள்ளை பட்டன் ஒன்று. ஒரே அளவு, ஒரே கனம்.

"ஏழாங்கிளாஸ் பசங்களுக்கு நான் நடத்துற விளையாட்டு மாமா. ஒரே ஒரு தடவை எல்லாரும் உட்காருங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரின்னு நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"டீச்சரம்மா வாயைத் திறக்காம இருக்கிறதுக்காகவாவது விளையாடுங்க" என்றாள் மாமியார், சுவரோரம் உட்கார்ந்து, மடியில் கொட்டிய கிண்ணத்துப் பட்டன்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே. "வீட்டுக்கும் நல்லது, காதுக்கும் நல்லது."

மாஸ்டர் உட்கார்ந்தார். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இந்தப் பேச்சு ஒழியும் என்பதுதான் அவர் கணக்கு. சின்னவன் மேஜையிலிருந்து தள்ளி, கதவருகே நின்றான்.

"இந்தப் பைதான் அத்தை" என்றாள் மருமகள்.

"என்னைப் பையாக்கிட்டியா? துணியாவது நல்ல துணியா?"

"லைனிங் துணி அத்தை."

"அப்ப சரி."

"அத்தைக்கு அவங்க அம்மாகிட்டேர்ந்து ஒரு கறுப்பு வந்துச்சு. அப்பாகிட்டேர்ந்து ஒரு வெள்ளை. கறுப்பு இருந்தா நோய் வரும். ஒரு பிள்ளை உண்டாகும்போது இதுல ஒண்ணு அந்தப் பிள்ளைக்குப் போகும். எது போகும்னு யாருக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக் குடுக்கிற மாதிரி."

"நான் தனியா வேற கண்ணை மூடணுமா?" என்றாள் மாமியார். பெரியவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மாமா, பெரிய அத்தானுக்காக ஒண்ணு எடுங்க."

மாஸ்டர் பைக்குள் கையை விட்டார். எடுத்தார். கறுப்பு. ஒரு கணம் பார்த்தார். அவர் கை, அறுபது வருஷப் பழக்கத்தில், தகரக் கிண்ணத்துக்குப் போய் அதைப் போட்டுவிட்டு வந்தது.

"இப்ப இவருக்காக."

மறுபடி கையை விட்டார். உள்ளே ஒன்றுதான் இருந்தது. எடுத்தார். வெள்ளை.

மாஸ்டரின் முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கணக்கு டீச்சரே கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. "பார்த்தியாம்மா? உன் பையே சொல்லிடுச்சு. மூத்தவன் எடுத்துட்டா இளையவனுக்கு வெள்ளைதான்."

மருமகள் பையைத் தன் பக்கம் இழுத்தாள். "இல்லை மாமா. எடுத்ததைத் திருப்பிப் பையில போட்டுட்டுத்தான் அடுத்தது எடுக்கணும்."

"எடுத்த பட்டனைத் திருப்பிப் போடுறதா? இந்தக் கடையிலயா?"

"இது கடை பட்டன் இல்லை மாமா."

"பட்டன்னா பட்டன்தான்."

அவள் கிண்ணத்திலிருந்து கறுப்பைத் தேடி எடுத்து, இரண்டையும் பையில் போட்டுக் குலுக்கி அவர் முன் நீட்டினாள். மாஸ்டர் எடுத்தார். இந்தத் தடவை முதலில் வெள்ளை. கை மறுபடியும் கிண்ணத்துக்குப் போனது. அடுத்தது கறுப்பு. எப்படி எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு கறுப்புதான் வந்தது. வேறு மாதிரி வருவதற்கு வழியே இல்லை.

"எங்க மாமியார் வீட்டுல மூணு தலைமுறையா சொன்னது சும்மா இல்லை" என்றார் மாஸ்டர்.

"நீங்க திருப்பிப் போடலை மாமா. அதனாலதான் அப்படி வருது."

"நீ ஜெயிக்கிறதுக்காக இப்ப ஆட்டத்தை மாத்தறே."

மருமகள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் உயர்த்தியதில்லை. "நான் ஜெயிச்சா எனக்கு என்ன மாமா கிடைக்கும்? நான் ஜெயிச்சா, என் புருஷனுக்கும் அது இருக்கலாம்னு அர்த்தம். தோத்துடணும்னுதான் தினமும் எழுந்திருக்கேன். ஆனா அவர் காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டும்போது டம்ளரைத் தேடறார் மாமா. நான் பக்கத்துல இருந்து பார்க்கறேன்."

"உங்க அப்பாகிட்ட நான் வார்த்தை குடுத்திருக்கேன். அது பொய்னு சொல்றியா?"

"நீங்க பொய் சொல்லலை. தெரியாம சொன்னீங்க."

மாஸ்டருக்கு அது பொய் என்பதைவிட அதிகமாகச் சுட்டது. தெரியாமல் வார்த்தை கொடுக்கிற மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

கதவருகே நின்ற சின்னவன் குறுக்கிட்டான். "போதும் நிறுத்து. அண்ணன் முன்னால வச்சு என்ன பேச்சு இது? எனக்காகன்னு நெனச்சு அண்ணன் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கான். நான் போய் டாக்டர்கிட்ட, எனக்கும் இருக்கா பாருங்கன்னு கேட்டா, நீ வாங்கினது செல்லாதுன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்ற மாதிரி ஆகாதா? எனக்குக் கண்ணு போனாலும் போகட்டும். அதைச் செய்ய மாட்டேன்."

சுவரோரம் பட்டன் பிரித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. மருமகள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாஸ்டர் மேஜை மேலிருந்த காலிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்திருந்தார். ஆனால் மகன் 'கண்ணு போனாலும் போகட்டும்' என்று சொன்னானே தவிர, 'எனக்கு நல்லாத் தெரியுது' என்று சொல்லவில்லை. அது அவர் காதில் விழுந்துவிட்டது. விழுந்ததை எடுத்து வெளியே போட வழி தெரியவில்லை. மேல் தட்டில், லைனிங்குக்குப் பின்னால் சுருட்டி வைத்த துண்டுகள் அவர் முதுகுப் பக்கம் இருந்தன. திரும்பிப் பார்க்கப் பயந்தார்.

"அம்மா" என்றான் பெரியவன்.

"சொல்லுடா."

"நான் பொறந்தப்புறம் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே. உனக்குச் சட்டை தச்சதே நான்தான்."

"தம்பி பொறந்தப்புறம்?"

"அப்பவும் தெரிஞ்சுது. அவன் ஸ்கூலுக்குப் போன பிறகுதானே மங்க ஆரம்பிச்சுது."

பெரியவனின் கழுத்தில் டேப் இல்லாத நாள் அது. ஆனாலும் அவன் கை அது தொங்குகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒண்ணு சொல்லு. உன்கிட்ட இருந்த கறுப்பை நான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்னா, உன்கிட்ட மிச்சம் வெள்ளைதானே இருக்கணும். அதுக்கப்புறம் உன் கண்ணு எதுக்குப் போச்சு?"

அம்மா கையிலிருந்த பட்டன்களைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்டேர்ந்து எதுவும் குறையலை. எனக்கு ஒண்ணு குடுத்த, உன்னோடதை நீயும் வச்சிருந்த. நான் எடுத்துட்டுப் போனதா நெனச்சது என் நெனப்பு." அவன் மருமகள் இருந்த திசையில் முகத்தைத் திருப்பினான். "டீச்சர், நான் சொல்றது சரியா?"

"சரி அத்தான்" என்றாள் அவள். "சரிதான் அத்தான். நீங்க எடுத்தது பைக்குத் தெரியாது. இவர் பொறக்கும்போது பை முழுசாத்தான் இருந்துச்சு."

பெரியவன் எழுந்து மேஜையைத் தடவிக்கொண்டு வந்தான். மருமகள் கிண்ணத்திலிருந்து எடுத்து, வெள்ளை என்று சொல்லிக் கொடுத்ததைப் பைக்குள் போட்டான். பிறகு அவள் கறுப்பு என்று சொல்லி நீட்டியதைக் கையில் வாங்கினான்.

"டேய், போடாதே." மாஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் கண்டிப்பு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. பெற்ற பிள்ளையிடம் கெஞ்சி அவருக்குப் பழக்கமில்லை. "அதைப் போட்டேன்னா..."

"போட்டேன்னா என்னப்பா?"

"நீ இத்தனை வருஷம் பட்டதுக்கு..."

"அர்த்தம் இல்லாமப் போயிடும். அவ்வளவுதானே? நான் சும்மாதான் குருடாயிட்டேன்னு ஆயிடும். ஆகட்டும்ப்பா."

அந்தச் சொல் அந்த வீட்டில் முதல் முறையாக விழுந்தது. விழுந்தும் கூரை அப்படியே நின்றது. மாஸ்டரின் பிடி தானாகத் தளர்ந்தது.

"கடைசி வரைக்கும் நானும் ஊசி கோத்தேன்ப்பா" என்றான் பெரியவன். "தம்பி ஊசி கோத்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொன்னா என்கிட்ட இருந்த ஒரே நல்லதும் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன்."

சொல்லிவிட்டுக் கறுப்பு பட்டனைப் பைக்குள் போட்டான். உள்ளே இருந்த வெள்ளையின் மேல் அது மோதிய சின்னச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மருமகள் ஆட்டத்தை முறைப்படி நடத்தினாள். ஒன்றை எடுக்க வேண்டியது, என்ன நிறம் என்று சொல்ல வேண்டியது, திருப்பிப் பையில் போட வேண்டியது. எடுத்ததன் ஞாபகத்துக்கு அதே நிறத்தில் ஒரு பட்டனைக் கடை டப்பாவிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மூத்தது ஒன்று, அதன் பக்கத்தில் இளையது ஒன்று. ஒவ்வொரு ஜோடியும் ஒரு வீடு. பெரியவன்தான் எடுத்தான். கறுப்பா வெள்ளையா என்று அவனுக்குத் தெரியாததால் ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள்.

கறுப்பு, வெள்ளை. வெள்ளை, கறுப்பு. வெள்ளை, வெள்ளை. மறுபடி கறுப்பு, வெள்ளை. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அடுத்த வீட்டில் மூத்தது கறுப்பு. பெரியவன் அதைப் போட்டுவிட்டுக் கையை விட்டான். இளையதும் கறுப்பு.

மாஸ்டர் தன் உள்ளங்கையை எடுத்து அந்த ஜோடியின் மேல் வைத்து மூடினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. யாரும் அந்தக் கையை எடுக்கச் சொல்லவில்லை.

"இன்னும் நெறைய வீடு வச்சா ஒண்ணு புரியும் மாமா" என்றாள் மருமகள் மெதுவாக. "ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டுல நாலு விதமா வரலாம். ரெண்டு பேருக்கும் வரலாம். ரெண்டு பேருக்கும் வராம இருக்கலாம். மூத்தவங்களுக்கு மட்டும் வரலாம். இளையவங்களுக்கு மட்டும் வரலாம். அதுல ரெண்டு விதம் வீட்டுக்கு ஒருத்தர்தானே? பாதி வீட்டுல அப்படித்தான் வரும். அத்தை வீட்டுல அப்படி வந்துச்சு, அவங்க அம்மா வீட்டுல அப்படி வந்துச்சு. அதிசயம் ஒண்ணும் இல்லை. அதைச் சட்டம்னு எடுத்துக்கிட்டோம்."

"மூத்தவனுக்கு வந்துட்ட வீட்டுல?" மாஸ்டரே கேட்டார்.

"அந்த வீட்டை மட்டும் பார்த்தா, இளையவருக்குப் பாதிக்குப் பாதி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருக்கவே இருக்குன்னு நான் சொல்லலை மாமா. இல்லவே இல்லைன்னு நாம சொல்ல முடியாது. பார்த்தாத்தான் தெரியும்."

பெரியவன் பையைக் கதவுப் பக்கம் நீட்டினான். "வாடா. உனக்காக நீ எடு."

"எனக்கு வேணாம்."

"தினமும் காலையில என் கழுத்துல டேப்பை மாட்டறியே, எதுக்கு? இந்த வீட்டுல நான் சொன்னா நீ கேட்பேன்னுதானே? சொல்றேன். நாளைக்குப் போ."

சின்னவன் வந்து அண்ணன் கையிலிருந்த பையை வாங்கினான். உள்ளே கையை விடவில்லை. பையின் வாயைச் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் தோளில் நெற்றியை வைத்து நின்றான். "போறேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஒரு அறையில் சின்னவனை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்கு முன் உட்கார வைத்தார்கள். தாடையை ஒரு பட்டையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நேராகப் பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வரும். ஒன்று தெரிந்தால் கையிலிருக்கும் விசையை அமுக்க வேண்டும். மாஸ்டரைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. விசையின் சத்தம் மட்டும் கேட்டது.

வலது கண்ணுக்கு அது விடாமல் கேட்டது. நல்ல கையில் மிஷின் ஓடுகிற மாதிரி. மாஸ்டர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இடது கண். ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் ஒன்றுமில்லை. பிள்ளை தூங்கிவிட்டானோ என்று நினைத்தார். தூங்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அமுக்குடா, அமுக்கிடுடா என்று உதடு அசைந்தது. பொய்யாகவாவது அமுக்கட்டும் என்று, வாழ்நாளெல்லாம் பொய்ச் சொல்லை வெறுத்த அந்த மனிதர், திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கெஞ்சினார். நெடுநேரம் கழித்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி மௌனம்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "அழுத்தம் ரெண்டு கண்ணுலயும் அதிகமா இருக்கு. வலது கண்ணு இப்போதைக்குப் பரவாயில்லை. இடது கண்ணுல ஓரம் நிறையப் போயிருக்கு. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். தினமும் சொட்டு மருந்து, ஒரு நாள் விடக் கூடாது. அதுல கட்டுப்படலைன்னா ஆபரேஷன்." பிறகு கேட்டார். "வீட்டுல வேற யாருக்கோ இருக்குன்னு சொன்னீங்களே. அப்பவே யாரும் இவரைக் கூட்டிட்டு வரச் சொல்லலையா?"

"மூத்தவனுக்குப் பார்த்தவங்களே சொன்னாங்க" என்றார் மாஸ்டர்.

"வேலையில ஏதாவது தப்பு தெரிஞ்சுதா?"

சின்னவன் இல்லை என்று தலையசைத்தான். அவன் அறியான். மாஸ்டர் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்ல அவரால் முடியவில்லை.

"தெரிஞ்சுது. போன வருஷமே. இடது ஓரத்துல வெட்டு தவறிடுச்சு. இவனுக்குத் தெரியாம நான் வேற வெட்டி வச்சேன். கெட்ட துண்டெல்லாம் தட்டு மேல இருக்கு."

சின்னவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். இடது பக்கம் நின்றவரைப் பார்க்க அவன் முகத்தை முழுவதுமாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார்.

"போன வருஷம் வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா நிறுத்திக்கொண்டார். "சரி. இன்னைக்காவது வந்தீங்க. இவர் குழந்தையையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. இப்ப ஒண்ணும் இருக்காது. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும்."

மறுநாள் காலையில் கடை திறந்தது. சின்னவன் ஆணியிலிருந்து டேப்பை எடுத்து அண்ணன் கழுத்தில் போட்டான். பெரியவன் தடவிப் பார்த்து, "மருந்து போட்டாச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லை."

"அப்ப கத்தரியைத் தொடாதே."

சின்னவன் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை அண்ணாந்தான். மாஸ்டர் மருந்துச் சீசாவோடு வந்தார். ஆயிரம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்த கை அது. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது இமையில். மூன்றாவதுதான் கண்ணுக்குள் போயிற்று. அந்த நேரம் பார்த்து வக்கீல் படியேறி வந்தார். வாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்ன மாஸ்டர், தம்பிக்குக் கண்ணுல தூசியா?"

ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் கடையின் பேர், வீட்டின் பேர் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும். மாஸ்டர் சீசாவை மூடினார்.

"தூசி இல்லீங்க. எங்க வீட்டு நோய். மூத்தவனுக்கும் இதுதான், இவன் அம்மாவுக்கும் இதுதான். இடது கண்ணு பாதி போச்சு. போன வருஷம் உங்க கோட்டுத் துணியை இவன் வெட்டினதுல ஓரம் தவறிடுச்சு, நான் வேற துணியில வெட்டிக் குடுத்தேன். இனிமே இந்தக் கடையில தைக்க யோசனையா இருந்தா நேராச் சொல்லிடுங்க, நான் வருத்தப்பட மாட்டேன்."

வக்கீல் செருப்பைக் கழற்றினார். பிறகு வழக்கம் போல முதலில் பெரியவனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கொண்டுவந்த துணியை மேஜை மேல் வைத்தார். "யோசிக்கிறேன்" என்றார். துணியைத் திருப்பி எடுக்கவும் இல்லை, அளவெடுக்க நிற்கவும் இல்லை. போய்விட்டார்.

அவர் போன பிறகு மாஸ்டர் சட்டையை மாற்றிக்கொண்டார். மருமகளின் அப்பா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கொடுத்த வார்த்தை தவறிவிட்டது என்று போய் நின்று சொல்வதற்கு யாரையும் கூட அழைத்துப் போவதாக இல்லை.

படியிறங்கும் முன் மேஜைக்கு வந்தார். அந்தப் பை அங்கேயே கிடந்தது. பக்கத்தில், அதிலிருந்து வெளியே கொட்டிய கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. உள்ளே பேத்தி பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தாள். சடையை இழுக்காதே என்று அம்மாவிடம் அவள் கத்துவது கேட்டது. மாஸ்டரின் கை பட்டன்களை எடுத்தது. பழக்கத்தில் தகரக் கிண்ணத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அங்கேயே நின்றது.

கையைத் திருப்பினார். வெள்ளையைப் பையில் போட்டார். கறுப்பையும் போட்டார். பையின் வாயைக் கட்டி, கெட்ட துண்டுகள் இருந்த தட்டிலேயே வைத்தார். பேத்திக்காக அந்தப் பையிலிருந்து அவர் எதையும் எடுக்கவில்லை.